எந்த நேற்றோடு ஒப்பிடுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக நாங்கள் மீன் வாங்குவது செயலியில்தான். கழுவி, துண்டு போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுக்கே வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அதை மீனாகவே மதிக்கவில்லை. "தலையும் இல்ல, வாலும் இல்ல. என்ன மீன், என்ன சைசுன்னு தெரியாம எப்படிடா வாங்குறீங்க?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்க்கெட்டில் ஒரு அக்கா வஞ்சிரம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு கை நீளம் இருந்தது. "இன்னைக்கு வந்ததுலயே இதுதான் தம்பி பெருசு" என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. அத்தனை பெரிய மீனை நான் முழுசாக வாங்கியதே இல்லை. அப்பா செவுளைத் தூக்கிப் பார்த்தார். மீன் புதுசு என்பதை ஒத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது சீலா இல்லடா, சீலாக் குட்டி" என்றார். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் வஞ்சிரத்துக்குச் சீலா என்று பெயர்.

ஆட்டோவில் வரும்போது தொடர்ந்தார். "நான் சின்னப் பையனா இருக்கப்ப சீலாவத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வருவாங்க. வாலு வந்து முழங்கால்ல இடிக்கும்."

"சரிப்பா" என்றேன்.

அப்போதெல்லாம் மழை ஒழுங்காகப் பெய்தது, வாத்தியார்கள் ஒழுங்காகப் பாடம் நடத்தினார்கள் என்று அவர் சொல்லும்போதும் இதே "சரிப்பா"தான். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத உண்மை என்று நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த "சரிப்பா"வைப் பற்றியது.

*

நான் மென்பொருள் ஆள். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எங்கள் குழுவிடம் ஒரு சேவை இருந்தது. பயனர் ஒரு பொத்தானை அழுத்தினால் பதில் வர 200 மில்லி விநாடி ஆகும். அது தாமதமானால் எங்கள் போனை அலற வைக்க ஒரு அலெர்ட் வச்சிருந்தோம். அதன் விதி எளிமையானது. கடந்த ஏழு நாள் சராசரியைவிட இன்றைய தாமதம் 20 சதவீதம் கூடினால் மணி அடிக்கும்.

பதினான்கு மாதம் மணி அடிக்கவே இல்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நம்பினோம். ஒரு விற்பனைத் திருவிழா நாளில் மொத்தமும் படுத்துவிட்டது. இரவெல்லாம் உட்கார்ந்து பழைய பதிவுகளைத் தோண்டினோம். தாமதம் 900 மில்லி விநாடியைத் தொட்டிருந்தது. ஒரே நாளில் அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் அரை சதவீதத்துக்கும் குறைவாகக் கூடியிருக்கிறது. போன வாரத்தோடு ஒப்பிட்டால் எந்த வாரமும் மோசமில்லை. அளவுகோலும் சரக்கோடு சேர்ந்தே நகர்ந்துகொண்டிருந்தது.

இடையில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு முறை போன் செய்திருக்கிறார். முதல் வருடத்திலிருந்தே எங்களோடு இருப்பவர். "முன்னாடி இப்படி இல்லையேங்க" என்பதுதான் அவர் புகார். டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் வழக்கமான அளவில்தான் இருக்கு சார் என்று பதில் எழுதியிருந்தோம். எழுதியது நான்தான்.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் நல்ல மரபுகளில் ஒன்று. அன்று அந்த விதி தேவைப்படவே இல்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். தவறு நடந்திருந்தது, தவறு செய்தவர் என்று ஒருவரும் இல்லை. அது எப்படி முடியும் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து கனடாவின் காட் மீன் கதையைப் படித்தபோது அதே கேள்வி மிகப் பெரிய உருவில் எதிரே வந்து நின்றது.

*

1497இல் ஜான் கேபட் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்குப் போய்த் திரும்பியபோது, அங்கே கடலில் கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. அந்தக் காட் மீனை நம்பி ஐந்நூறு ஆண்டுகள் ஒரு சமூகமே வாழ்ந்தது. 1883இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி, காட் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்று பேசினார். ஹக்ஸ்லி முட்டாள் இல்லை, டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடியவர். அவர் காலத்துப் பாய்மரத்துக்கும் தூண்டிலுக்கும் அது கிட்டத்தட்டச் சரியான கணக்குதான். மீன் குறைந்தால் தொழில் கட்டாது, மீனவன் தானாகவே நிறுத்திவிடுவான் என்று அவர் நம்பினார்.

1950களில் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. கடலிலேயே மீனை அறுத்து உறைய வைக்கும் மிதக்கும் தொழிற்சாலைகள் அவை. அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் ஆண்டுப் பிடிப்பு பெரும்பாலும் மூன்று லட்சம் டன்னுக்குள் இருந்தது. 1968இல் எட்டு லட்சம் டன்னைத் தாண்டியது. பத்து ஆண்டுக்குள் இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1977இல் கனடா 200 கடல் மைல் வரை தன் எல்லையை நீட்டி, வெளிநாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. இனி நம் மீன், நாமே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பிறகு சொந்தக் கப்பல்களைக் கட்டினார்கள்.

1980களில் கரையோர மீனவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுடையவை சின்னப் படகுகள். கோடையில் கரைக்கு வரும் மீனைப் பிடிப்பவர்கள். வரும் மீன் குறைகிறது, வருவதும் சின்னதாக இருக்கிறது என்று சொன்னார்கள். அரசின் விஞ்ஞானிகளிடம் வேறொரு கணக்கு இருந்தது. ஆழ்கடல் கப்பல்கள் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு மீன் வருகிறது என்ற கணக்கு. அது குறையவில்லை. ஏனென்றால் காட் மீன்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் கூட்டமாகத்தான் திரளும். சோனார் வைத்திருக்கும் கப்பல் நேராக அந்தக் கூட்டத்தின் தலைக்கு மேலேயே போய் நிற்கும். பந்தியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அண்டா காலியாவது தெரியாது. கடைசிக் கரண்டி வரை நிறைந்துதான் வரும்.

1992 ஜூலை 2ஆம் தேதி கனடா அரசு காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. அப்போது மிஞ்சியிருந்தது பழைய அளவில் நூறில் ஒரு பங்கு. சுமார் முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது. முதல் நாள் பே புல்ஸ் என்ற சின்னத் துறைமுகத்தில் கூட்டம் அமைச்சர் ஜான் கிராஸ்பியைச் சூழ்ந்துகொண்டது. மீனைக் கடலிலிருந்து எடுத்தது நானில்லை என்று அவர் எரிச்சலோடு சொன்னது பதிவாகியிருக்கிறது. அதை மழுப்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். யோசித்துப் பார்த்தால் அது உண்மை. அமைச்சர் எடுக்கவில்லை. விஞ்ஞானி எடுக்கவில்லை. கப்பல்காரர் அரசு அனுமதித்த அளவைத்தான் எடுத்தார். கரையோரத்தவர் எடுத்தது கொஞ்சம்தான். எங்கள் கூட்டத்தைப் போலவே, எல்லார் பக்கமும் நியாயம் இருந்தது. மீன் மட்டும் இல்லை.

இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் அறிவித்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டு நீடித்தது. பெரிய தாய் மீன்கள்தான் முதலில் பிடிபட்டுப் போயிருந்தன. வயதான ஒரு பெரிய மீன் இடும் லட்சக்கணக்கான முட்டைகளைப் பல சின்ன மீன்கள் சேர்ந்தாலும் ஈடு செய்ய முடியாது. பெரியவை வலையில் போகப் போக, சிறு வயதிலேயே, சிறு உடம்பிலேயே முட்டையிடும் மீன்கள் பெருகின. காட் உண்ணும் கேப்ளின் என்ற சிறு மீனும் அதே ஆண்டுகளில் சரிந்தது. காட் இல்லாத கடலில் இறாலும் பனி நண்டும் பெருகின. மீனவர்கள் அவற்றுக்கு மாறினார்கள். ஒரு கட்டத்தில் அவற்றின் மொத்த மதிப்பு பழைய காட் வருமானத்தையே மிஞ்சியது.

2023இல் காட் மதிப்பீட்டு முறையை மாற்றினார்கள். பழைய தரவுகளையும் சேர்த்துக்கொண்ட புதிய கணக்கில் அபாயக் கோடு கீழே இறங்கியது. ஒரே ஆண்டில் மீன் பெருகிவிடவில்லை, ஆனாலும் காட் "அபாய" மண்டலத்திலிருந்து "எச்சரிக்கை" மண்டலத்துக்கு வந்துவிட்டது. புதிய கணக்கு அறிவியல்படி மேலானதாகவே இருக்கலாம். அடுத்த ஆண்டு ஜூனில் தடை நீங்கியது. அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன். 1992ஐப் பார்த்தவர்களுக்கு அது மீட்சி. 1968ஐப் பார்த்தவர்களுக்கு?

*

இதற்கு மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் ஒரு பெயர் வைத்தார். நகரும் அடிக்கோடு என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்த நாளில் கடல் எப்படி இருந்ததோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து குறைவதைத்தான் இழப்பாக எண்ணுகிறது. அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. பழைய மீனவர் கதைகளையும் பயணக் குறிப்புகளையும் வெறும் கதை என்று தள்ளாமல் அறிவியலுக்குள் கொண்டுவரும் வழி தேடுங்கள் என்பது அவர் கோரிக்கை. கட்டுரை மொத்தமே ஒரு பக்கம்தான்.

லோரன் மெக்லனகன் என்ற ஆய்வாளர் அப்படி ஒரு வழியைக் கண்டார். புளோரிடாவின் கீ வெஸ்ட்டில் சுற்றுலாப் பயணிகள் தூண்டில் போட்டுப் பிடித்த பெரிய மீன்களைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். 1956 முதல் 2007 வரையிலான படங்களை வைத்து மீன்களை அளந்தார். சராசரி எடை ஏறத்தாழ 20 கிலோவிலிருந்து 2.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது. ஐம்பதுகளின் படத்தில் மனிதர்களைவிட மீன்கள் பெரியவை. இரண்டாயிரங்களின் படத்தில் முழங்கையளவு மீன்கள். ஆனால் இரண்டிலும் மனிதர்கள் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். காசிமேட்டில் நான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

அவர்கள் சிரிப்பில் என்ன தவறு? நான் பார்த்தே இராத ஒன்றை நான் இழந்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா?

முடியாது என்பதற்கு வலுவான வாதம் உண்டு. இழப்பு என்றால் இழந்தவர் என்று ஒருவர் வேண்டும். தடைக்குப் பிறகு பிறந்த நியூஃபவுண்ட்லாந்துப் பையனுக்கு நண்டுக் கடல்தான் கடல். நண்டு பிடித்து அவன் வீடு கட்டியிருப்பான். அவனிடம் போய் "நீ இழந்தவன்" என்று சொல்ல நாம் யார்?

இதற்கு எனக்குத் தோன்றிய பதில் நம் ஊர்க் கதை ஒன்றில் இருக்கிறது. ஒரு தாத்தா நிலத்தை விற்றுத் தின்கிறார். பத்திரத்தையும் கொளுத்திவிடுகிறார். பேரனுக்கு வருத்தமே இருக்காது. அதனால் அவன் எதையும் இழக்கவில்லை என்று ஆகிவிடுமா? அவனிடமிருந்து போனவை இரண்டு. ஒன்று நிலம், இன்னொன்று நிலம் இருந்தது என்ற தகவல். இரண்டாவது போனதால் முதலாவதைப் பற்றி அவனால் கேள்வி கேட்கக்கூட முடியவில்லை. மறக்கவைக்கப்பட்டவன் திருப்தியாக இருக்கிறான் என்பதை, மறக்கவைத்தது சரிதான் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கடினமானது. சரி, எந்த நேற்றோடு ஒப்பிடுவது? 1968 வேண்டுமா, 1497 வேண்டுமா, மனிதன் காலே வைக்காத கடல் வேண்டுமா? எந்தத் தேதியும் நாம் தேர்ந்தெடுத்ததுதான். பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்வது பிழைப்புக்குக் கடலில் இறங்குபவர்களிடம் அநியாயமான கோரிக்கை.

இங்கே எனக்கு உதவியது அந்த உடைந்த அலெர்ட்தான். விபத்துக்குப் பிறகு அந்த ஏழு நாள் விதியை நாங்கள் எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கோடு போட்டோம், சேவை தொடங்கிய நாளின் அளவு, நகராத கோடு. மறுபடியும் 200க்குப் போக முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பயனர்கள் பெருகிவிட்டார்கள், வசதிகள் கூடிவிட்டன. அந்தக் கோடு செய்த வேலை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் எழுந்து நின்று, "தொடங்கியதைவிட மூன்று மடங்கு தாமதமாக இருக்கிறோம், இன்னின்ன காரணத்துக்காக இதை ஏற்கிறோம்" என்று வாயால் சொல்லவேண்டி வந்தது. சொன்னவர் பெயரும் குறிப்பில் ஏறியது.

நகரும் அடிக்கோட்டின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். யாருமே முடிவெடுக்காமல் ஒரு பெரிய முடிவு நடந்துவிட அது வழி செய்கிறது. "காட் மீனை ஒழிப்போம்" என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கை தூக்கவில்லை. போன வருடத்தைவிடக் கொஞ்சம் என்றுதான் ஒவ்வொரு வருடமும் பேசினார்கள். பழைய எண்ணை மேசையில் வைத்திருந்தால் மீன் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று உறுதி கிடையாது. ஆனால் அழிப்பது என்றால் அழிக்கிறோம் என்று தெரிந்தே யாரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். குற்றவாளி இல்லாத தவறு என்று நான் நினைத்தது, பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் எண்ணை அழித்துவிட்டதால் வந்த தோற்றம்.

*

எண் என்று சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. வேட்டையில் போவது வேட்டையாடப்பட்டது மட்டுமில்லை.

1741இல் பெரிங்கின் கப்பல் வட பசிபிக்கில் ஒரு தீவில் உடைந்து நின்றது. தப்பியவர்கள் கடல் நீர்நாயின் தோலோடு ஊர் திரும்பினார்கள். அந்தத் தோலுக்கு இருந்த விலையில் வேட்டைக்காரர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். 1911இல் நான்கு நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டபோது மிஞ்சியிருந்தவை ஓரிரு ஆயிரம். நீர்நாய் கடல் முள்ளெலிகளைத் தின்னும். நீர்நாய் போனதும் முள்ளெலி பெருகியது. முள்ளெலிகள் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியை அடியோடு அறுத்துத் தின்றன. அந்தப் பாசிக் காட்டில் வாழ்ந்த மீன்களுக்கு வீடு போனது. அலூசியன் தீவுகளில் நீர்நாய் உள்ள தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட்டு ஜேம்ஸ் எஸ்டஸும் ஜான் பாமிசானோவும் 1974இல் இதை எழுதினார்கள். ஒன்றில் காடு, மற்றொன்றில் மொட்டைப் பாறை. மொட்டைப் பாறைத் தீவில் பிறந்தவனுக்கு அதுதான் கடலின் அடி.

அந்த வேட்டைக்காரர்கள் சாப்பாட்டுக்கு இன்னொரு விலங்கைக் கொன்றார்கள். பெரிங்கோடு போன இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லர் விவரித்த பெரிய கடல் பசு, எட்டு மீட்டர் வரை நீளம், பாசி தின்னும் சாது. 1741இல் அறிவியலுக்குத் தெரியவந்தது, 1768இல் முடிந்துபோனது. இருபத்தேழு ஆண்டு. நீர்நாய் வேட்டையால் பாசி குறைந்ததும் அதன் முடிவுக்கு ஒரு காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது சரியென்றால், கடல் பசுவின் மேல் ஈட்டியே எறியாதவனுக்கும் அதன் சாவில் பங்கு இருக்கிறது.

அந்தப் பசுவுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு எங்கள் ஊர்க் கடலில் இருக்கிறது. ஆவுளியா.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை அப்பாவிடம், "ஆவுளியா பாத்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பாத்திருக்கேனாவா? தின்னிருக்கேன்டா" என்றார்.

எங்கள் ஊர் கீழக்கரைக்குப் பக்கம். தாத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடனுக்கு அரிசி வாங்கிய மீனவர் ஒருவர் ஒருநாள் ஓலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாராம். "மீன் வாடையே இருக்காது. கறி மாதிரிதான் இருக்கும். அம்மா மொளகு போட்டு வறுத்துச்சு. அப்பல்லாம் தப்புன்னு யாருக்கும் தெரியாதுல்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தன இருக்குதாம் இப்ப?" என்றார். இந்தியக் கடல்களில் சில நூறுதான் இருக்கலாம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவுளியா மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். வேட்டையைத் தாங்கும் கணக்கே இல்லாத உயிர். கடல்புல் வெளியில் மேய்ந்து, புல்லைப் புதுசாகத் துளிர்க்க வைக்கும். அந்தப் புல்வெளிதான் இறாலுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் தொட்டில். 1972 சட்டத்துக்குப் பிறகு ஆவுளியாவைக் கொல்வது குற்றம். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு அதற்கான காப்பகமாக அறிவித்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. பழைய கோட்டை நினைவுபடுத்தும் கணக்கை யார் தலையில் கட்டுகிறோம் என்பது தனிக் கேள்வி. 2001இல் கடல் அட்டை எடுப்பது முழுசாகத் தடைசெய்யப்பட்டது. மணலைத் தின்று சுத்தப்படுத்தித் தரும் அந்த உயிரைக் காப்பது சரிதான். ஆனால் மூச்சைப் பிடித்து முங்கி, கையால் அட்டை எடுத்தவர்களின் பிழைப்பு ஒரே உத்தரவில் குற்றமாகிவிட்டது. அதே தரையை உழுதுகொண்டு போகும் இழுவை மடி விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஆண்டுக்கு 61 நாள்தான் தடை. நியூஃபவுண்ட்லாந்திலும் முதலில் எச்சரித்த கரையோரத்தவர்களும் கடைசியில் வேலை இழந்தவர்களோடுதான் நின்றார்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்ற பழைய எண்ணும் மேசையில் இருந்தால்தான் இந்த அநியாயத்தைப் பேசவே முடியும். மறதி எல்லாரையும் சமமான குற்றவாளிகளாக ஆக்கிவிடுகிறது, அது பெரிய படகுக்குத்தான் வசதி.

அப்பாவின் ஒரு நினைவு அறிவியல் இல்லை. நினைவு பெருக்கும், திரிக்கும். தோளில் போட்ட சீலா ஒரே ஒரு நாள் வந்த மீனாகக்கூட இருக்கலாம். ஆனால் "சரிப்பா" என்று சொல்லும்போது நான் அதைச் சரிபார்க்கவில்லை, குப்பையில் போட்டேன். அந்த வாடிக்கையாளருக்கு எழுதிய அதே பதில். ஆவுளியாவைத் தின்றவரும் அவர்தான், அது கரைக்கு வந்துகொண்டிருந்தது என்று எங்கள் வீட்டில் சாட்சி சொல்ல மிச்சமிருப்பவரும் அவர்தான். எழுபதைத் தாண்டிவிட்டார்.

இப்போது சாயங்காலங்களில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருகிறேன். என்ன மீன், எந்த ஊர்க் கரை, எவ்வளவு நீளம், யார் பிடித்தது, நேரில் பார்த்ததா கேட்டதா என்று தனித்தனிக் கட்டங்கள். இதுவரை நாற்பத்தொரு வரிகள். வருடம் கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்.

"ஆவுளியா தின்னது அறுபத்தி நாலுன்னு போட்டுக்க" என்றார் நேற்று. நான் தட்டிவிட்டேன்.

"இரு இரு. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா... அழிச்சுறாத, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வை. அத்தைகிட்ட போன்ல கேப்போம்."